தோம்பு திறக்குதில்லை

"தோம்பு திறக்குதில்லை மோனை" எண்டு அப்பப்பா கூப்பிட்ட நேரம் நான் குசினிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மனுசன் மவுஸைச் சரியாக அமத்தியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் எழும்பிப் போனேன். திரையில் எக்ஸல் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிக்கொண்டு நின்றது. கோப்பின் வடிவமோ பின்னொட்டோ பிழை, கோப்பு பழுதாகிவிட்டதா என்று பாருங்கள் என்று ஆங்கிலத்தில். திரும்ப அமத்தினேன். திரும்பவும் அதே பெட்டி. மூன்றாம் தரம் அமத்தும்போது கை குளிர்ந்துவிட்டது. அந்தக் கோப்பு வேறு எங்கும் இல்லை. இல்லாமல் செய்தவன் நான்.

தோம்பு என்பது அப்பப்பா அந்த எக்ஸல் கோப்புக்கு வைத்த பெயர். போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்துக் காணிகளையும் அவற்றை உடையவர்களையும் பதிந்து வைத்த ஏட்டுக்குத்தான் அந்தப் பெயர். சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அப்பப்பா உப தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் எந்த வளவில் யார் இருந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

எங்கட ஊர் வலிகாமம் வடக்கில், கடற்கரைப் பக்கம். 1990 ஜூனில் சனம் உடுத்த உடுப்போடு எழும்பினது. பிறகு அந்த இடமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயம். சண்டை முடிந்தபின் கட்டம் கட்டமாகக் காணிகளை விட்டார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டபோது நானும் அப்பப்பாவும் பார்க்கப் போனோம். வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை. எது ஒழுங்கை, எது வளவு என்று தெரியாமல் வயதான ஆக்கள் பற்றைக்குள் நின்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கட்டைக் கண்டவர்கள் மட்டும் "இது எங்கட" என்று சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் அப்பப்பா ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டரைப் போட்டு, தோம்பில் "கிணறு" என்று ஒரு புது நிரலைச் சேர்த்தார். எங்கட துண்டு இன்னும் விடுபடவில்லை. விடுபடும் நாளுக்காகத்தான் தோம்பு.

212 வளவுகள். குடும்பத் தலைவரின் பெயர், வளவின் பெயர், எத்தனை பரப்பு, எத்தனை கிணறு, எத்தனை தென்னை, எத்தனை பனை, இப்ப எங்கை. அப்பப்பா இதை முதலில் எழுதினது 1991இல், முகாமில் இருந்துகொண்டு, ஒரு சி.ஆர். கொப்பியில். அந்தக் கொப்பி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்துக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் எங்கேயோ துலைந்துபோனது. திரும்பி வந்து இரண்டாம் தரம் எழுதினார். அதைக் கறையான் அரித்தது. அரிக்க முன்னம் பாதியையும், அரித்த பிறகு நினைவிலிருந்து மீதியையும் கொம்பியூட்டரில் ஏற்றினார். 71 வயதில் ஒற்றை விரலால் பாமினி எழுத்துருவில் தட்டத் தொடங்கினவர், முடிக்க மூன்று வருசத்துக்கு மேல் எடுத்தது.

நான் செய்த வேலை இவ்வளவுதான். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போய்ப் போய் வந்ததில் வீட்டுக் கொம்பியூட்டரின் விண்டோஸ் பழுதாகிவிட்டது. ஃபோமற் அடித்துப் புதிதாகப் போடவேண்டும். அடுத்த கட்டுக்கு இன்னும் பத்து நிமிசம். அப்பப்பாவின் கோப்புறையை ஒரு மலிவுப் பென்ரைவில் பிரதி எடுத்தேன். திரையில் கோடு முடிந்தது. பென்ரைவின் லைட் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. இழுத்துக் கழட்டினேன். பிறகு ஃபோமற் அடித்தேன். பென்ரைவில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அளவும் சரியாகத்தான் காட்டியது. திறந்து பார்க்கவில்லை.

அப்பப்பாவிடம் "வைரஸ் போலை, பாத்துத் தாறன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இணையத்தில் தேடினேன். பழுதான எக்ஸல் கோப்பைத் திருத்தும் மென்பொருள் என்று ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. "இலவசம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இறக்கி நிறுவினால் கோப்பின் முதல் சில வரிகளை மங்கலாகக் காட்டிவிட்டு, மிச்சத்துக்குக் காசு கேட்கும். டொலரில். அந்த மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் கடனட்டையும் இல்லை. கடைக்காரப் பெடியன் ஒருவன் "கிராக் இருக்கு ப்ரோ" என்றான். இன்னொரு வழி, கோப்பைத் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்லும் இடங்கள். யாரென்றே தெரியாத ஒருத்தரிடம் 212 குடும்பத்தின் பெயரையும் காணியையும் இருப்பிடத்தையும் தூக்கிக் கொடுப்பதா? இரண்டுக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் சிநேகிதியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "ஃபோமற் அடிச்ச ஹார்ட் டிஸ்க்கிலை அதுக்குப் பிறகு என்னென்ன செய்தனி?" விண்டோஸ் போட்டேன், இரண்டு படம் இறக்கினேன், மூன்று திருத்தும் மென்பொருள் நிறுவினேன் என்றேன். தலையில் கை வைத்தாள்.

அழிந்த கோப்பு உடனே அழிவதில்லை. அது இருந்த இடம் "காலி" என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். புதிதாக ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரைக்கும் பழையது அங்கேதான் கிடக்கும். அதனால் கோப்பு துலைந்த வட்டில் ஒன்றையும் நிறுவக்கூடாது, அதை ஆடாமல் அசையாமல் விடவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தோம்பு செலவானது. ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை அவள் தன் மடிக்கணினியிலிருந்து அந்த வட்டின் மேல் ஓடவிட்டாள். அதற்குக் கோப்பின் பெயரோ கோப்புறையோ தேவையில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்று பார்த்து வட்டு முழுக்கத் தேடிப் பொறுக்கும. இரவு முழுக்க ஓடியது. சித்தியின் கலியாணப் படங்கள் வந்தன, நான் ஓ.எல். படிக்கும்போது செய்த ஒப்படை வந்தது. தோம்பு வரவில்லை. அதன் மேல் நான் விண்டோஸை எழுதிவிட்டேன்.

மிச்சம் பென்ரைவில் கிடந்த பழுதான கோப்புத்தான். அவள் முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்தாள். "மூலத்திலை கை வைக்கிறேல்லை, பிரதியிலைதான் வேலை." பிறகு லிப்ரே ஓபிஸில் திறந்தாள். கோப்பு பழுதாக இருக்கிறது, திருத்திப் பார்க்கவா என்று அது கேட்டது. எக்ஸல் கைவிட்ட கோப்புகள் இந்தக் கேள்விக்கு ஓம் என்றதும் திறந்ததை அவள் பலதரம் கண்டிருக்கிறாளாம். எங்களுக்குத் திறக்கவில்லை. அதன் பிறகு அவள் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எக்ஸல் கோப்பு என்றால் என்ன என்று எனக்கு விளங்கினது அன்றைக்குத்தான்.

2007இலிருந்து எக்ஸல் சேமிக்கிற கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. கோப்பைப் பச்சையாகத் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்து "பி", "கே" என்று இருக்கும். 1989இல் ஸிப் வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரெழுத்துகள் அவை. பொதிக்குள் பல சின்னக் கோப்புகள், எல்லாம் வெறும் எழுத்தாக, மனிதர் வாசிக்கக்கூடிய எக்ஸ்எம்எல்லில் இருக்கும். பொதிக்குள் என்னென்ன, எங்கெங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஸிப்பில் கடைசியில்தான் வரும். எங்கள் கோப்பின் வால் முழுக்க வெறும் பூச்சியம். நான் பென்ரைவை இழுத்ததில் அந்தத் துண்டு எழுதப்படவே இல்லை. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கிற புத்தகம். கடைசிப் பக்கம் கிழிந்ததால் புத்தகமே இல்லை என்று எக்ஸல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் தலைப்பிலேயே ஒரு சின்னக் குறிப்பு உண்டு. அட்டவணை இல்லாவிட்டாலும் அவற்றைப் பிடித்து ஒன்றொன்றாக உள்ளே போகலாம். அவள் பைதானில் பன்னிரண்டு வரி எழுதினாள். தாள் வெளியே வந்தது. முழுதாக, 212 வரிகளும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பொறு, இன்னும் அழாதை" என்றாள்.

தாளில் எண்கள்தான் இருந்தன. பரப்பு, கிணறு, தென்னை, பனை எல்லாம் சரி. பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் எண்கள். எக்ஸல் சொற்களைத் தாளில் எழுதுவதில்லை. எல்லாச் சொற்களையும் இன்னொரு கோப்பில் வரிசையாக அடுக்கிவிட்டு, தாளில் "இத்தனையாம் சொல்" என்ற இலக்கத்தை மட்டும் போடும். ஒரே சொல் நூறு தரம் வந்தாலும் அங்கே ஒருதரம்தான் இருக்கும். அந்தச் சொற்கோப்பு பொதியின் வால் பக்கத்தில் இருந்தது. அதாவது வெட்டுப்பட்ட இடத்தில். வெட்டு வரைக்கும் எடுத்தாள்.

எடுத்ததைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. வாசிக்க வராத சொற்கள், நடுவில் அரைப்புள்ளிகள். "எல்லாம் போச்சு" என்றேன். அவள் சிரித்தாள். "அட மடையா, உது பழுதில்லை. உது பாமினி."

யூனிகோட் பரவ முன்னம் இங்கே எல்லோரும் தட்டியது பாமினியில்தான். அதில் தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதுதான் அந்த எழுத்துரு. மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில் இருக்கும், அதுதான் அத்தனை அரைப்புள்ளிகள். ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற பைதான் தொகுப்பில் பாமினியை யூனிகோடுக்கு மாற்றுகிற வசதி இருக்கிறது. ஆனால் அவசரத்தில் நான் மாற்றாமலேயே காற்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றிவிட்டேன். "இலந்தையடி வளவு" இரண்டு நிரலாக உடைந்தது. பாமினியில் "இ" என்ற எழுத்து காற்புள்ளி விசையில் இருக்கிறது! ஊரில் இ-யில் தொடங்குகிற பெயருக்கா பஞ்சம்? எல்லாம் உடைந்து சிதறியது. திரும்பத் தொடக்கத்திலிருந்து, முதலில் யூனிகோட், பிறகு மற்றதெல்லாம்.

விடியற்காலை நாலு மணிக்குத் தோம்பு திறந்தது. 179ஆம் வரி வரைக்கும் முழுதாக. 180இலிருந்து 212 வரை, 33 வளவுகளுக்குப் பெயர் இல்லை.

அந்த 33 வரிகளைப் போல ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பெயர் வெறுமை. வளவின் பெயர் வெறுமை. 4 பரப்பு, 1 கிணறு, 12 தென்னை. கடைசி நிரலில் மட்டும் "கனடா". ஏனென்றால் "கனடா" என்ற சொல் முன்னுக்கே வந்துவிட்டது, சொற்கோப்பின் தொடக்கத்தில் அது பத்திரமாக இருந்தது. "லண்டன்" இருந்தது. "சுன்னாகம் முகாம்" இருந்தது. "காலமானார்" இருந்தது. பலருக்குப் பொதுவான சொல்லெல்லாம் தப்பிவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் மட்டும் சொந்தமாக இருந்த சொல், அவர்களின் பெயர், அதுதான் போய்விட்டது.

அடுத்த நாள் அப்பப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் கொப்பி சாவகச்சேரியிலை போகேக்கை ஒண்டும் மிஞ்சேல்லை. உது பறவாயில்லை. ஆக்கள் இருக்கினம்தானே, கேப்பம். வாசி."

அவருக்கு அப்போது 83. நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடும். பெயர்களைச் சும்மா கேட்டால் வராது. ஆனால் நான் வரியை வாசித்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அவர் தோம்பை அகரவரிசையில் எழுதவில்லை. சந்தியிலிருந்து கடற்கரை வரை ஒழுங்கை வழியே தபால் போகிற மாதிரி எழுதியிருந்தார். அதனால் 180 எங்கே முடிகிறது, 181 எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குக் காலில் தெரிந்தது.

"2 கிணறு, 19 பனை, 3 பரப்பு, லண்டன்."

"இரண்டு கிணறோ? ஒண்டு நல்ல தண்ணி, மற்றது உவர். பொறு... உது தந்திப் பெடியன்ரை வீடு. தேப்பன்ரை பேர்..." பெயர் வந்தது.

இப்படிப் பன்னிரண்டு பெயர் அவரிடமிருந்து வந்தது. அப்பம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஆறு சொன்னா. அதில் இரண்டுக்கு அப்பப்பாவோடு சண்டை. "நீங்கள் தபால் கந்தோருக்குள்ளை இருந்தனியள், மீன் வாங்கப் போனது நான்." கனடாவில் இருக்கிற பெரிய மாமியை வட்ஸ்அப்பில் எடுத்தோம். மூன்று இரவுகள், ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் அரை மணித்தியாலக் கதை. இன்னும் இரண்டு பெயர்கள் மாமிக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம். தோம்பில் நான் ஒரு நிரல் கூட்டினேன்: "யார் சொன்னது". சண்டை வந்த இரண்டுக்கும் இரண்டு பேரின் பதிலையும் போட்டேன். ஒரு நாளைக்கு யாராவது அந்த வளவில் நின்று வாதாடும்போது, தோம்பு தனக்குத் தெரிந்ததற்கு மேல் சொல்லக்கூடாது.

இதை எழுத உட்கார்ந்தபோது கட்டற்ற மென்பொருளின் பெருமையைத்தான் சொல்ல நினைத்தேன். காசு இல்லாமல் காரியம் முடிந்தது என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் காசு சின்ன விசயம். எங்களைக் காப்பாற்றியது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விட்டதுதான். இந்த எக்ஸல் வடிவத்தின் விவரம் 2006இல் தரமாக வெளியிடப்பட்டு, 2008இல் சர்வதேசத் தரமும் ஆனது. லிப்ரே ஓபிஸின் வடிவம் 2006இலேயே சர்வதேசத் தரம். அதுவும் இதே மாதிரி ஸிப்புக்குள் எக்ஸ்எம்எல்தான். எழுதினவன் செத்தாலும், கொம்பனி மூடினாலும், வால் அறுந்தாலும், மிஞ்சிய துண்டை யாரும் எடுத்து வாசிக்கலாம். பூட்டின பெட்டியாக இருந்திருந்தால் எங்கள் 179 பெயர்களும் திறப்பு வைத்திருக்கிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

மற்றது, ஒற்றைப் பிரதி. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 வரையான புத்தகங்கள் இருந்தன என்று சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். எண்ணிக்கையை விடக் கொடுமை, அங்கே மட்டும் இருந்தவை. ஏடுகள், வேறெங்கும் பிரதி இல்லாதவை. அச்சடித்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்ததும் அந்தப் பயத்தில் இருந்து வந்த வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். இவ்வளவு தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, 212 வளவை ஒரு மலிவுப் பென்ரைவில் போட்டு இழுத்துக் கழற்றியவன் நான்.

இப்போது தோம்பு மூன்று இடத்தில் இருக்கிறது. கொம்பியூட்டரில் ஒன்று, சிநேகிதியின் வட்டில் ஒன்று, கனடாவில் மாமியின் மகனிடம் ஒன்று. கடதாசியில் அச்சடித்ததும் அப்பப்பாவின் அலுமாரியில் கறுப்புப் பைக்குள் இருக்கிறது, கறையானுக்கு வேப்பிலை போட்டு. இணையத்தில் போடவில்லை, போடவும் மாட்டேன். மென்பொருள் திறந்திருக்கவேண்டும், சனத்தின் காணி விவரம் அந்தச் சனத்தின் கையில் இருக்கவேண்டும். இரண்டையும் குழப்பக்கூடாது.

நாலு வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒன்று 203. 2 பரப்பு, 1 கிணறு, 7 தென்னை, காலமானார். அப்பப்பா அந்த இடத்துக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் நிற்பார். "ஒரு மாட்டுக்கொட்டில் இருந்தது. வாசல்லை பூவரசு. அந்த மனுசி மோர் தரும்." மோர் தந்த மனுசியின் பெயர் வராது. மாதத்தில் ஒருக்கால் கேட்பேன். போன கிழமையும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, நான் கையில் வைத்திருந்த பென்ரைவைப் பார்த்துக் கேட்டார்:

"லைட் நிண்ட பிறகோ கழட்டினனி?"